நட்சத்திரம் போட்ட ஊழியர்

03 59 07 12. பழைய சம்பளப் பட்டியல் கோப்பொன்றை டெர்மினலில் ‘ஹெக்ஸ்டம்ப்’ கட்டளைக்குக் கொடுத்ததும் முதலில் வந்து விழுந்த நான்கு பைட்டுகள் இவை. 03 என்றால் டிபேஸ் 3 என்ற தரவுத்தள மென்பொருளின் வகை. அடுத்த மூன்றும் கோப்பைக் கடைசியாகத் திருத்திய ஆண்டு, மாதம், நாள். எல்லாம் பதினாறு அடிமானத்தில் இருப்பதால் 59 என்பது 89 ஆகிறது, 12 என்பது 18 ஆகிறது. ஆக, 1989 ஜூலை 18.

உள்ளே இருப்பதை மட்டும் பார்த்தால் போதும் என்பவருக்கு லினக்ஸில் ‘டிபிவியூ’ என்றொரு சின்னக் கட்டளை உண்டு. கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு பதிவையும் புலத்தின் பெயர், எதிரே மதிப்பு என்று வரிவரியாக இறக்கிவிடும். எனக்கு அது போதவில்லை. இந்த அமைப்பை யார் யோசித்தார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. காரணம் ஒரு நட்சத்திரக் குறி.

டிபேஸ் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு பைட் காவல் நிற்கிறது. அது வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரக் குறியாக இருந்தால் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அழிப்பது என்பது அவ்வளவுதான். நான் பார்த்த கோப்பில் ஓர் ஊழியரின் வரிசை நட்சத்திரத்தோடு தொடங்கியது. பெயர், பிறந்த தேதி, அடிப்படைச் சம்பளம் எல்லாம் ஓர் எழுத்துகூடக் குறையாமல் அப்படியே இருந்தன. ‘டெலீட்’ குறி மட்டும் போடும், ‘ரீகால்’ குறியை எடுக்கும், ‘பேக்’ கொடுத்தால்தான் பதிவு உண்மையிலேயே போகும். எண்பதுகளின் கடைசியில் நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் டிபேஸ் 3 பிளஸ் படித்தவர்களுக்கு இந்த மூன்றும் இன்னும் மறந்திருக்காது. வேலையை விட்டுப் போனவரை நீக்கிய கணக்கருக்கு ‘பேக்’ கொடுக்கத் தோன்றவில்லை போலும்.

பின்னோக்கிப் போனால் முதலில் வருபவர் வேய்ன் ராட்லிஃப். கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில், செவ்வாய்க்குப் போன வைக்கிங் திட்டத்துக்கு நிரல் எழுதியவர். டிபேஸ் பிறந்ததற்குச் செவ்வாய் காரணமில்லை, கால்பந்துப் பந்தயம்தான் காரணம். அலுவலகத்தில் நடந்த பந்தயத்தில் ஜெயிக்க அமெரிக்கக் கால்பந்து ஆட்ட விவரங்களைச் சேர்த்து அலசப் பார்த்தார். காகிதத்தில் அது கட்டுப்படியாகவில்லை. வீட்டில் தானே கோத்து வைத்திருந்த இம்சாய் 8080 கணினியில், 1978-இல், அசெம்பிளி மொழியில் ஒரு தரவுத்தள நிரலை எழுதத் தொடங்கினார். வைத்த பெயர் வல்கன். ‘ஸ்டார் ட்ரெக்’ ஸ்பாக்கின் இனப்பெயர்.

வல்கன் அவ்வளவாக விற்கவில்லை. ஜார்ஜ் டேட் என்பவர் அதன் விற்பனை உரிமையை வாங்கி, டிபேஸ் 2 என்று பெயர் மாற்றி, 695 டாலர் விலை வைத்தார். டிபேஸ் 1 என்று ஒன்று வெளிவந்ததே இல்லை. நிறுவனத்தின் பெயர் ஆஷ்டன்-டேட். அதில் ஆஷ்டன் என்று யாரும் கிடையாது. விற்கத் தெரிந்தவர்கள்!

தேடல் ராட்லிஃபோடு முடியவில்லை. அவர் மாதிரியாக வைத்துக்கொண்டது ஆய்வகத்தின் யூனிவாக் 1108 பெருங்கணினியில் ஓடிய ஜேபிஎல்டிஸ் என்ற தரவு மேலாண்மை நிரல். அதை ஜாக் ஹேட்ஃபீல்ட் தொடங்க, ஜெப் லாங் எடுத்து நடத்தினார். அவர்களுக்கு முன்மாதிரி டைம்ஷேர் நிறுவனம் கணினி நேரத்தோடு வாடகைக்குக் கொடுத்த ‘ரிட்ரீவ்’.

இந்த வம்சாவளி ஒரு முறை நீதிமன்றம் ஏறியது. டிபேஸைப் போலவே ஓடும், அதைவிட வேகமாக ஓடும் ஃபாக்ஸ்பேஸை விற்றுவந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் மீது 1988-இல் ஆஷ்டன்-டேட் வழக்குத் தொடுத்தது. 1990 டிசம்பரில் நீதிபதி டெர்ரி ஹேட்டர் கொடுத்த தீர்ப்பு ஆஷ்டன்-டேட் தலையிலேயே விழுந்தது: பதிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, பொதுச்சொத்தான ஜேபிஎல்டிஸ்ஸிலிருந்து வந்ததை மறைத்துவிட்டீர்கள், ஆகவே பதிப்புரிமை செல்லாது. சில மாதங்களில் அவரே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார். பின்னர் 1991-இல் போர்லாண்ட் ஆஷ்டன்-டேட்டை வாங்கியது. அமெரிக்க நீதித்துறை அதற்கு ஒப்புதல் தந்தபோது ஃபாக்ஸ் மீதான வழக்கையும் கைவிடச் சொன்னது. ஃபாக்ஸை 1992-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் நம் கணக்கு அலுவலகங்களில் ஓடிய ஃபாக்ஸ்புரோ இந்தக் கிளையில் வந்ததுதான்.

நிறுவனங்கள் கைமாறின, கோப்பு அமைப்பு மாறவில்லை. வரைபட வேலை செய்பவர்கள் தினமும் புழங்கும் ‘ஷேப்ஃபைல்’ உண்மையில் ஒரே கோப்பல்ல, ஒரு கட்டு. ஊர், மாவட்டம், மக்கள்தொகை போன்ற விவரங்கள் அந்தக் கட்டில் உள்ள டிபேஸ் கோப்பில்தான் இருக்கின்றன. புலத்தின் பெயருக்கு அந்த அமைப்பு ஒதுக்குவது 11 பைட். கடைசியில் ஒரு சுழி போக மிஞ்சுவது 10 எழுத்து. ‘பாப்புலேஷன் டென்சிட்டி’ என்று ஆங்கிலத்தில் முழுசாகப் பெயர் வைத்துச் சேமித்தால் ‘பாப்புலேஷன்’ மட்டும் தங்குகிறது. சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்ற எண்ணை, மொத்தம் எத்தனை பேர் என்று அடுத்தவர் படித்துவிடக்கூடும். அதனால் அனுபவப்பட்டவர்கள் முதலிலேயே சுருக்கப் பெயர் வைத்துவிடுகிறார்கள். எது எதற்குச் சுருக்கம் என்று தனியாக ஒரு பட்டியலையும் கூடவே அனுப்புகிறார்கள்.