பி.எச்.ஐ.க்குச் சொல்வது காட்டிக்கொடுப்பது அல்ல



பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பும் இருந்தால், லீவு கடிதத்தில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

சென்ற தவணை என் வகுப்புப் பிள்ளை ஒன்று நான்கு நாள் வரவில்லை. உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "மேலெல்லாம் சிவந்திருக்கு டீச்சர். வெளிய சொன்னா பி.எச்.ஐ. வருவார், ஊரே பார்க்கும்" என்றார்.

அந்தப் பயம் எனக்கும் விளங்கும். 2020இல் கொரோனா என்றால் ஜனாஸாவையும் எரிப்பார்கள் என்று நடுங்கிய சமூகம் நாங்கள். அந்த வடு லேசில் ஆறாது.

ஆனால் தடிப்பைப் பார்த்து அது சின்னமுத்தா, ருபெல்லாவா, வேறெதுவுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். அதனால்தான் சந்தேகம் வந்ததுமே டொக்டர்மார் எம்.ஓ.எச். பணிமனைக்கு அறிவிக்கிறார்கள். பி.எச்.ஐ. வந்து ஊசி போட்டதா, பக்கத்தில் கர்ப்பிணிகள் இருக்கிறார்களா என்று விசாரிப்பார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ருபெல்லா பிள்ளைக்குச் சில நாட்களில் சுகமாகிவிடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஒரு தாய்க்குத் தொற்றினால், வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இருதயம் பாதிக்கப்படலாம். தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அது தொற்றும். அப்போது எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் இரண்டு மாதக் கர்ப்பிணி.

இதைச் சொன்னதும் அந்த உம்மா அன்றே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரத்தம் எடுத்தார்கள். ருபெல்லா இல்லை என்று முடிவு வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

"வீண் அலைச்சல்" என்றார் ஒருவர். இல்லை. 1996இல் ருபெல்லா ஊசி தொடங்கிய எங்கள் நாட்டில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2020இல் உலக சுகாதார ஸ்தாபனம் உறுதிப்படுத்தியது. அப்படிச் சொல்ல, தடிப்புக் காய்ச்சல்காரரைத் தேடிப் பரிசோதித்து, வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 2 பேருக்காவது "இது சின்னமுத்தும் இல்லை, ருபெல்லாவும் இல்லை" என்று காட்ட வேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, தேடவில்லை என்றுதான் அர்த்தம். 2023இல் சின்னமுத்து திரும்பி வந்ததைப் பார்த்தோம்தானே.

இன்றே பிள்ளையின் கார்டை எடுத்துப் பாருங்கள். 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். போட்டிருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் மிட்வைஃபிடம் கேளுங்கள். கல்யாணம் பேசியிருக்கும் பெண் பிள்ளைகளின் கார்டையும் பாருங்கள். கர்ப்பமான பிறகு அந்த ஊசி போட முடியாது.