2.1 என்ற எண்

இரண்டாவது கரு கலைந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. "டார்ச் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார்கள். ரூபெல்லா, ஹெர்பிஸ் போன்ற சில தொற்றுகளை ஒன்றாகத் தேடும் ரத்தப் பரிசோதனை. காட்பாடியில் ரத்தம் கொடுத்தேன். மறுநாள் தாளில் இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன: ஹெர்பிஸ் 2 ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி 2.1, பாசிட்டிவ். தாளைக் கொடுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "இது பிறப்புறுப்புல வர்றது. வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க."

பேசினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எனக்கு முன்னாடி யாராவது?" அவருடைய ரத்தத்தை யாரும் கேட்கவில்லை. வகுப்பில் பரத்தையிற் பிரிவு நடத்துகிறவள் நான். அங்கே தலைவன்தான் வாயில் வேண்டி நிற்பான். என் வீட்டில் நான் நின்றேன்.

நான்கு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அந்தத் தாளைப் படித்துக் காட்டினார். ஹெர்பிஸில் ஐஜிஎம் நம்பத்தக்கதல்ல. முதல் வகையா இரண்டாம் வகையா, புதிய தொற்றா பழையதா என்று அது பிரித்துச் சொல்லாது. வைரஸின் 'கிளைக்கோபுரதம் ஜி'யை வைத்துச் செய்யும் ஐஜிஜி சோதனைதான் வகை பிரிக்கும். அதிலும் பரவலாகப் புழங்கும் முறையில் 1.1-ஐத் தாண்டினால் பாசிட்டிவ் என்று அச்சாகிவிடும். 3-க்குக் கீழே இருந்தால் அது பொய்யாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வேறொரு முறையில் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி. புண் இருந்தால் அதிலிருந்தே மாதிரி எடுத்துப் பிசிஆர் செய்வது மேல். உண்மையான பாசிட்டிவ்கூட எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது.

உறுதிசெய்தல் என்ற பாடம் இந்த ஊர் வழியாகவே ஒருமுறை போயிருக்கிறது. 1986 பிப்ரவரியில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தன் ஆசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி சேகரித்த ரத்த மாதிரிகளோடு இரவு ரயிலில் காட்பாடி வந்திறங்கி, வேலூர் சிஎம்சிக்குப் போனார். எய்ட்ஸ் கிருமிக்கான எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. அதோடு முடித்துவிடவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் செய்து உறுதியான பிறகே இந்தியாவில் எச்ஐவி இருப்பது அறிவிக்கப்பட்டது. அந்த ரத்தம், சென்னையில் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையது. எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் கூறினார். எண்ணைச் சரிபார்க்க அன்று அத்தனை பேர் மெனக்கெட்டார்கள். ரத்தம் கொடுத்தவளிடம் பேச யாரும் மெனக்கெடவில்லை.

நான் வேறொரு ஆய்வகத்தில், வேறு முறையில் மறுபடி சோதித்தேன். நெகட்டிவ். கணவரிடம் தாளை நீட்டினேன். "அப்ப சரி" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நான்கு மாதங்களுக்கு அவரிடம் வேறு சொல் இல்லை.

சென்ற மாதம், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி, நான்காக மடித்த டார்ச் தாளோடு வந்தாள். "ஐஜிஜி எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேட்டேன். 1.6. மறு சோதனை பற்றி எழுதிக் கொடுத்தேன். பிறகு கேட்டேன்: "அவர் ரத்தம் கொடுத்தாராம்மா?"

"அவர யாரும் கேக்கவே இல்ல மேடம்" என்றாள்.