லாமிங்டன் ரோடும் நாலாயிரம் ரூபாயும்

மும்பைக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தினருக்கு மாதுங்காவின் காய்கறிக் கடைகளும் பூக்கடைகளும் முதல் வாரத்திலேயே பழக்கமாகிவிடுகின்றன. லாமிங்டன் ரோடு அப்படியன்று. வீட்டில் ஒரு மின்கருவி பழுதுபட்டாலோ, பிள்ளைகளுக்குக் கணிப்பொறி வாங்க நேர்ந்தாலோதான் அதன் பெயர் காதில் விழுகிறது. பல ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் அங்கே கால் வைக்காதவர்கள் நம்மில் உண்டு. அன்பர்கள் ஒருமுறையேனும் போய்வரத்தக்க தெரு அது. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் சற்று ஆயத்தத்தோடு போக வேண்டிய தெருவும் அதுவே.

மாதுங்கா ரோடு நிலையத்தில் சர்ச்கேட் செல்லும் மெதுவண்டியில் ஏறினால் ஆறாவது நிலையம் கிராண்ட் ரோடு. விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. வழியில் லோயர் பரேல் வருகிறது. ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் ஊர். இன்று கண்ணாடி மாளிகைகளின் ஊர். ஓரிரு ஆலைப் புகைபோக்கிகள் மட்டும் பழைய நினைவாக நிற்கின்றன. அவற்றோடு இக்கட்டுரைக்கு ஒரு தொடர்பு உண்டு, பின்னர் சொல்கிறேன்.

கிராண்ட் ரோடில் கிழக்குப் பக்கமாக இறங்கிச் சில நிமிடம் நடந்தால் லாமிங்டன் ரோடு. 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அது. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது இப்போதைய அதிகாரப்பூர்வமான பெயர். ஆயினும் வண்டிக்காரர் முதல் வணிகர் வரை எல்லோர் வாயிலும் பழைய பெயரே வழங்குகிறது.

இத்தெரு முன்பு திரைப்பட அரங்குகளுக்குப் பேர்போனது. இங்கிருந்த மினர்வா அரங்கில்தான் 1975 ஆகஸ்டில் வெளிவந்த ‘ஷோலே’ ஐந்து ஆண்டுகள் ஓடிற்று. அகன்ற 70 மில்லிமீட்டர்ப் படத்தையும், பல திசைகளிலிருந்து வந்த ஒலியையும் அனுபவிக்க மக்கள் திரண்டார்கள். சுண்டிவிட்ட நாணயம் படத்தில் விழும் ஓசை கேட்டு, தங்கள் நாற்காலிக்கு அடியில் தேடியவர்களைப் பற்றிய கதையை இந்நகரத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மினர்வா இன்று இல்லை. ஒலி மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை. அரங்கிலிருந்து இறங்கி, கடைகளின் அட்டைப் பெட்டிகளுக்குள் புகுந்துகொண்டது என்று சொல்லலாம்.

கடைகள் பெரும்பாலும் சிறியவை. ஒருவர் நின்றால் மற்றொருவர் நுழைய முடியாத கடைகளும் உண்டு. ரேடியோ உதிரிப் பாகங்களில் தொடங்கி, தொலைக்காட்சி வழியாகக் கணிப்பொறிக்கு வந்து சேர்ந்த வியாபாரம் இது. அந்த மூன்று காலங்களும் இன்றும் அருகருகே இருக்கின்றன. ஒரு படிக்கட்டின் கீழே செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருப்பார் ஒருவர். அதன் மேல்மாடியில் மடிக்கணினிகளின் உயிர்நாடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பழுது பார்ப்பார் மற்றொருவர். விலை கேட்பதற்கும் குறைப்பதற்கும் இங்கே நாணம் தேவையில்லை. ஆனால் என்ன வேண்டும் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்மையில் எங்கள் கட்டடத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்காக அங்கே போக நேர்ந்தது. வீட்டின் பெரியவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். லோயர் பரேலில் ஓர் ஆலையின் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின் அவருடைய ஆலை திறக்கவேயில்லை. தறிகளின் ஓசையை நாள்தோறும் கேட்டவர்களின் செவி, மெல்லிய கூர்மையான ஒலிகளை முதலில் இழக்கிறது. முதுமையும் அதே ஒலிகளைத்தான் பறிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பேச்சு கேட்கும், சொல் புரியாது. ‘பால்’ என்றதும் ‘கால்’ என்றதும் ஒன்றாகிவிடும். உயிரெழுத்தின் முழக்கம் தாழ்ந்த ஒலி. அது காதை எட்டுகிறது. க, ச, த, ப என்று சொல்லைப் பிரித்துக் காட்டும் ஒலிகளோ உயர்ந்தவை. விநாடிக்கு இரண்டாயிரம் அதிர்வுகளும் அதற்கு மேலும் உடையவை. அவை நழுவிவிடுகின்றன.

மார்கழியில் சென்னைக் கச்சேரிகள் இணையத்தில் வருகின்றன. மாலையில் தமிழ்ச் செய்தி வருகிறது. ஊரிலிருந்து தங்கை மகள் திரையில் தோன்றிப் பேசுகிறாள். குடும்பம் முழுவதும் கணிப்பொறியின் முன்னே கூடும்போது பெரியவர் மட்டும் சில மாதங்களாகப் பால்கனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். செவிக்கருவி இருக்கிறது, அதை மாட்டினால் தலைக்குள் வண்டு பறப்பதுபோல் இருக்கிறது என்று கழற்றிவிடுகிறார். அதை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம். ஒலிபெருக்கி எதுவும் அதற்கு மாற்றாகாது. ஆயினும் கணிப்பொறியின் வயிற்றுக்குள் இருக்கும் நாணயமளவு ஒலிபெருக்கியிலிருந்து அவர் எதையும் பெற முடியவில்லை என்பது உண்மை.

ஆகவே அவருடைய மகள் நாலாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். வாங்கி வரும் பொறுப்பு கல்லூரியில் படிக்கும் பேரனுக்கு. அவன் மனம் முன்பே சப்வூஃபரின் மீது படிந்திருந்தது. இரண்டு சிறு பெட்டிகளும், தரையில் வைக்கும் ஒரு பெரிய பெட்டியும் சேர்ந்த தொகுதி அது. கடைகளில் அதனை ‘டூ பாய்ண்ட் ஒன்’ என்பார்கள். “மாமா, பேஸ் இல்லாட்டி அது பாட்டே இல்லை” என்றான். அவன் சொல்லிலும் நியாயம் இருந்தது. மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் கும்மென்ற ஓசையும் மூன்றங்குலக் காகிதக் கூம்பில் முழுமையாக வருவதில்லை.

முதல் கடையில் சேட் ஒரு தொகுதியை முழக்கிக் காட்டினார். கடையின் கண்ணாடி நடுங்கிற்று. பெட்டியின் மேல் ஐந்நூறு என்றும் ஆயிரம் என்றும் வாட் கணக்கு அச்சிட்டிருந்தது. இந்த எண்ணைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளோடு வரும் எண்ணுக்கு நிலையான அளவுமுறை எதுவும் இல்லை. அது வெறும் அலங்காரம். ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துகளோடு வருவதே தொடர்ந்து தரக்கூடிய வலிமை. இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. மின்சாரம் வரும் அடாப்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும்; இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். உள்ளே போவதைவிட அதிகம் வெளியே வர இயலாது. கணிப்பொறியின் சாதாரண யு.எஸ்.பி. துளையிலிருந்து மட்டும் மின்சாரம் பெறும் ஒலிபெருக்கிக்குக் கிடைப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். அதன் பெட்டியில் நூறு வாட் என்று அச்சிட்டிருந்தால் அட்டைக்குப் பேசத் தெரியும் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

வாட் இரட்டித்தால் ஓசை இரட்டிக்கும் என்பதும் மயக்கமே. பத்து வாட்டுக்கும் இருபது வாட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்குச் சிறிதளவே தெரியும். ஓசை இருமடங்காகத் தோன்ற வலிமை ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். நம்முடைய பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு நல்ல இருபது வாட்டே மிகுதி.

“இதில் மூன்று பெட்டி, அதில் இரண்டே பெட்டி, விலை ஏறக்குறைய ஒன்று. எது லாபம்?” என்று சேட் கேட்டார். தேங்காய் வாங்குகிறவர் குவியலை எண்ணி வாங்குவதில்லை; தட்டிப் பார்த்து வாங்குகிறார். ஒரே விலைக்கு மூன்று பெட்டி செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் பண்டம் குறைய வேண்டும். மலிவான மூன்று பெட்டித் தொகுதியில் பக்கத்துப் பெட்டிகள் இரண்டும் பிளாஸ்டிக்; உள்ளே இரண்டரை அங்குலக் கூம்பு. அவற்றால் தாழ்ந்த ஒலி எழுப்ப முடியாது. ஆகவே ஆண்குரலின் அடிப்பகுதியைக்கூடத் தரையிலுள்ள பெட்டியே சுமக்கிறது. பாடகர் பாதி மேசையிலும் பாதி மேசைக்கு அடியிலும் அமர்ந்து பாடுவதுபோல் இருக்கும். தாழ்ந்த ஒலி மிகும்போது அது உயர்ந்த ஒலிகளை மூடிவிடும் என்பதும் செவியின் இயல்பு. நம் பெரியவருக்கு எது தேவையோ அதையே அந்தப் பெட்டி மறைத்துவிடும்.

சேட் தம் கைப்பேசியிலிருந்து இசைத்தவை எல்லாம் முழக்கம் நிறைந்தவை. நாங்கள் மூன்று பதிவுகளைக் கொண்டுபோயிருந்தோம்: ஒரு செய்தி வாசிப்பு, ஒரு வாய்ப்பாட்டு, பேரனுக்குப் பிடித்த ஒரு திரைப்பாடல். முழக்கத்தைக் கூட்டும் திருகை நடுவில் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவு ஓசையில் கேட்டோம். இது முக்கியம். சற்றே உரத்து ஒலிப்பது எதுவாயினும் அதுவே சிறந்ததாகத் தோன்றும். வியாபாரிகள் இதை அறிவார்கள். செய்தி வாசிப்பை வைத்ததும் பேரனே சொன்னான்: “மாமா, இதுல அவங்க குடத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு.”

நான்காம் கடையில், படிக்கட்டின் அருகே, பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டு எழுந்து வந்தார். தாராவியில் வசிப்பவர். “அண்ணாச்சி, யாருக்கு வாங்குதீக?” என்று முதலில் கேட்டார். அதுவரை எந்தக் கடையிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. காரியத்தைச் சொன்னேன். இரண்டு பெட்டித் தொகுதி ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கனத்தது. மரத்தூள் பலகையால் ஆன பெட்டி. விரலால் தட்டினால் அடைத்த ஓசை வந்தது. நான்கு அங்குலக் கூம்பு ஒன்றும், அதன் மேலே உயர்ந்த ஒலிக்கென்று தனியே சிறியது ஒன்றும் இருந்தன.

“தம்பி, தம்புராவின் மந்தரம் இதில் வருமா?” என்று கேட்டேன். “முழுசா வராது அண்ணாச்சி, ஆனா கேக்கும்” என்றார். அவர் சொன்னது அறிவியல். ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர ஷட்ஜம் விநாடிக்கு ஏறக்குறைய 65 அதிர்வு. சிறிய பெட்டி அதனை எழுப்பத் திணறும். ஆனால் அதன் மேலே அடுக்கடுக்காக எழும் துணை ஒலிகளைக் கேட்டு, அடியிலுள்ள சுரத்தைச் செவியே கற்பித்துக்கொள்ளும்.

செய்தியைப் போட்டார். சொற்கள் தனித்தனியாக வந்து விழுந்தன. விலை மூவாயிரத்து நானூறு. பேரனின் முகம் வாடியதைக் கண்டு, பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பின்னாளில் சப்வூஃபர் ஒன்றை இணைக்க ஒரு துளை இருந்தது. எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரசீதையும் கேட்டு வாங்கினோம். ரசீதில்லாமல் விலை குறைத்துத் தருவோர் உண்டு. ஆறு மாதம் கழித்து உத்தரவாத அட்டையைக் காட்டும்போதுதான் அந்த லாபத்தின் நிறம் தெரியும்.

வீட்டில் பெட்டிகளைச் சுவர் மூலையில் ஒதுக்காமல், மேசையின் இரு ஓரங்களிலும் காதின் உயரத்துக்கு ஏறக்குறைய வைத்து, பெரியவரின் நாற்காலியை நோக்கிச் சற்றுத் திருப்பினோம். அவர் ஒன்றரை கஜ தூரத்தில் உட்கார்ந்தார். ஓசையைக் கூட்டவேயில்லை. செய்தி முடியும்வரை பேசாமலிருந்தார். பிறகு, “ஏலே, தாமிரபரணியில வெள்ளமாம்ல?” என்று பேரனிடம் கேட்டார். அன்று அவர் பால்கனிக்குப் போகவில்லை.

சப்வூஃபர் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இளைஞர்கள் உள்ள வீட்டில், பணமும் இடமும் இருந்தால், நல்லதாக வாங்கலாம். ஆனால் விநாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலை எட்டரை மீட்டர் நீளமுடையது. நம் அறையோ அதில் பாதிகூட இல்லை. ஓரிடத்தில் அது பொங்கும். ஈரடி தள்ளினால் வற்றும். எங்கிருந்து வருகிறது என்று செவிக்குத் தெரியாத ஒலியாகையால் எங்கே வைத்தாலும் வேலை செய்யும். மூலையில் வைத்தால் மிகுந்து ஒலிக்கும். அந்த மூலை கீழ்வீட்டுக்காரரின் கட்டிலுக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குரல் சுவரில் தேய்ந்துவிடும். இந்த முழக்கமோ தளத்தின் வழியே இறங்கிவிடும். 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் எல்லை. விதியை விடுங்கள், அயல்நாட்டாரைப் போல் அல்லாமல் நாம் கீழ்வீட்டில்தான் சர்க்கரை கடன் வாங்குகிறோம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்; வேலைநாளில் பதினொரு மணிக்கு மேல் போவது நலம். இரண்டு கனத்த பெட்டிகளோடு மாலை ஐந்து மணிக்குப் பிறகு கிராண்ட் ரோடில் வடக்கே செல்லும் வண்டி ஏற எண்ண வேண்டாம்.