லேபிள் ஒண்ணு, தறி பல



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் ஆளுக்கொரு பெரிய தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் இரண்டே இரண்டு. ஒன்று தறி. இன்னொன்று கம்ப்யூட்டர் கேம். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்!

என் அப்பா கூலித் தறி ஓட்டுகிறவர். அம்மா தார் சுற்றுவார். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எல்லோர் கையிலும் செல்போன் வந்து சென்டரை மூடியபோது, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக அண்ணனுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. அதற்குள் இருந்த புதையல்தான் 'பிராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'!

2000-ல் வந்த கேம் அது. முள்வேலி, காவல் கோபுரம், கேமரா, சைரன்... மொத்தம் 14 மிஷன். நடுவில் சேவ் பண்ண வழியே கிடையாது. கடைசி நிமிஷத்தில் குண்டடி பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்தான். அலாரம் அடித்துவிட்டால் சின்னக் கட்டிடத்திலிருந்து ஆட்கள் ஈசல் மாதிரி வந்துகொண்டே இருப்பார்கள். இத்தனை குறை இருந்தும் அந்த மலையும் பனியும், ஓடினாலும் தீராத அந்தத் தூரமும் என்னைக் கட்டிப் போட்டன. பிற்பாடுதான் காரணம் தெரிந்தது. அதைச் செய்த நார்வே நாட்டு இன்னர்லூப் கம்பெனி, அதற்கு முன் 1997-ல் போர் விமான கேம் ஒன்று செய்திருந்தது. விமானம் பறக்கச் செய்த நிலத்தில்தான் நாம் துப்பாக்கியோடு நடந்துகொண்டிருந்தோம்!

கேம் திறக்கும்போது 'ஐடோஸ்' என்று ஒரு பெயர் வரும். அதே கம்ப்யூட்டரில் இருந்த 'ஹிட்மேன்' கேமிலும் ஐடோஸ். 'டோம்ப் ரைடர்: ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்' கேமிலும் ஐடோஸ். ஆனால் இந்தக் கடைசி கேமில் லாரா கிராஃப்ட் என்ற அந்தப் பெண், பட்டனை அழுத்தினால் யோசித்துவிட்டுத்தான் நடப்பாள். தாண்டச் சொன்னால் விழுவாள். 'ஒரே கம்பெனி எப்படி இப்படி ஏறுக்குமாறாச் செய்யும்?' என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு கேமும் தெரியாது, ஐடோஸும் தெரியாது. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சாமி, அது லேபிள் ஒட்டுறவன் பேரா, நெய்யறவன் பேரா?"

அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது! எங்கள் ஊரில் முதலாளி பாவும் நூலும் கொடுப்பார். பத்து வீட்டில் நெய்வார்கள். துணி எல்லாம் ஒரே குடோனுக்கு வரும். அங்கே ஒரே லேபிள் ஒட்டப்படும். ஐடோஸும் அப்படித்தான். லண்டனில் இருந்த பதிப்பாளர். பணம் கொடுப்பது, தேதி குறிப்பது, விற்பது அவர்கள் வேலை. ஐ.ஜி.ஐ. நெய்தது நார்வேயில், ஹிட்மேன் டென்மார்க்கில், டோம்ப் ரைடர் இங்கிலாந்தின் டெர்பி ஊரில் இருந்த கோர் டிசைன் கம்பெனியில்.

சரி, தறி வேறு என்றால் துணியும் வேறு. கதை அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2000-ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அயான் ஸ்டார்ம் என்று ஒரு கம்பெனி. டல்லாஸில் ஒரு ஆபீஸ், ஆஸ்டினில் ஒரு ஆபீஸ். இரண்டும் டெக்ஸாஸ் மாநிலம்தான். டல்லாஸில் 'டூம்' புகழ் ஜான் ரொமேரோ 'டைகாடனா' செய்தார். 1997-லேயே வந்துவிடும் என்று தம்பட்டம் அடித்தார்கள். பாதி வேலையில் எஞ்சினையே மாற்றி, 2000-ல்தான் வந்தது. கூட வரும் துணை ஆட்களே வழியில் சிக்கி நிற்பார்கள். எல்லோரும் கேலி செய்தார்கள். அதற்கு அடுத்த மாதமே ஆஸ்டினிலிருந்து வாரன் ஸ்பெக்டர் குழுவின் 'டியூஸ் எக்ஸ்' வந்தது. ஒரு பூட்டிய கதவைச் சாவியால் திறக்கலாம், கம்பி விட்டு நெம்பலாம், வெடி வைக்கலாம், காற்றுக் குழாய் வழியாகவும் போகலாம். இன்றுவரை அதைத் தலைசிறந்த கேம்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஒரே லேபிள், ஒரே கம்பெனிப் பெயர், ஒரே வருஷம்!

கோர் டிசைன் கதை வேறு மாதிரி. 1996-லிருந்து 2000 வரை வருஷா வருஷம் ஒரு டோம்ப் ரைடர் கொடுத்தார்கள், தீபாவளிக்குப் புதுத்துணி மாதிரி. ஓய்ந்துபோன கையோடு புது மெஷினுக்கு மாறி, 2003-ல் முழுதாக முடியாத துணியை அறுத்துக் கொடுத்ததுதான் நான் ஆடிய அந்த கேம். தறி கைமாறியது. கலிஃபோர்னியாவில் கிரிஸ்டல் டைனமிக்ஸ் 2006-ல் நெய்த லாரா நன்றாகவே நடந்தாள்.

'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற கால்பந்து கேம் இன்னும் வேடிக்கை. அதை நெய்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் ஐடோஸை விட்டுப் பிரிந்தது. பெயர் ஐடோஸிடம் தங்கிவிட்டது. வேறு ஆட்களை வைத்து 2005-ல் அதே பெயரில் விட்டார்கள், பிழை மேல் பிழை. பழைய ஆட்கள் 'ஃபுட்பால் மேனேஜர்' என்று புதுப் பெயரில் கொடுத்ததைத்தான் ஜனங்கள் தேடிப் போனார்கள். 2005-ல் ஐடோஸை எஸ்.சி.ஐ. வாங்கியது. 2009-ல் ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

நண்பர்களே, இதெல்லாம் ஏன் சொல்கிறேன்? ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்காகத்தான். எங்கள் பேட்ச்சில் ஐந்து பேர். வெளியே ஒரு இடத்தில் பிராஜெக்ட்டும் ரிப்போர்ட்டும் ரெடிமேடாகக் கிடைக்கும் என்றார்கள். ஆளுக்கு 1,500 ரூபாய். நானும் தலையாட்டிவிட்டேன். அப்பாவிடம் பணம் கேட்கப் போன அன்று அவர் குடோனிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். துணியில் கோடு விழுந்திருக்கிறது என்று டேமேஜ் பிடித்துவிட்டார்கள்.

"நூலு மட்டம்னா தறிக்காரன் என்ன பண்ணுவான்? நூல் குடுத்தவனே காசையும் புடிக்கிறான்" என்றார் அம்மா.

அப்பா, "பாதி நூலு. பாதி நான் தூங்கிட்டேன். பாவு அறுந்ததைப் பாக்கல" என்றார்.

அந்த "பாதி நான்" என்ற சொல் என்னை என்னமோ செய்துவிட்டது. பணம் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் நண்பர்களிடம் சண்டை போட்டு, பாவு இழை அறுந்தால் விளக்கு எரியும் கருவியை நாங்களே செய்வது என்று முடிவானது. இழைக்கு இழை ஒரு தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு கம்பியில் விழுந்து கரண்ட் பாயும். மேஜையில் 40 இழைக்கு அருமையாக வேலை செய்தது. தறியில் மாட்டினால் அதிர்ச்சியில் தகடெல்லாம் ஆடி, அறுக்காத இழைக்கும் விளக்கு எரிந்தது! ரிவ்யூ அன்று நின்றுகொண்டு முழித்தோம். ரெடிமேட் வாங்கியவர்களுக்கு எங்களைவிட மார்க் அதிகம். வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் எங்களுடையது ஏன் ஓடவில்லை என்று எங்களுக்குத் தெரியும். தகட்டின் எடையைக் கூட்ட வேண்டும், கம்பிக்கு இடைவெளி விட வேண்டும். லீவில் அப்பாவின் தறியிலேயே மறுபடி மாட்டிப் பார்க்கப் போகிறேன். "எரியட்டும் சாமி, தூங்காம இருப்பேன்" என்று சிரிக்கிறார் அப்பா.

நாளைக்கு நம் கையிலும் ஒரு லேபிள் வரும், டிப்ளமோ என்று. அதில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே முத்திரை. துணி எப்படி என்பது நெய்கிறவனுக்குத் தெரியும்.



— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்