காலடிப் பாடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே, கள்ளி முளைத்த மலையடிவாரத்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிப் பயிற்சித் திடல். காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி பழக எட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான் சுட வரவில்லை, கற்றுக்கொடுப்பவர்களின் வேலையைப் பார்க்கப் போனவன். ஆனாலும் காதை மூடும் கருவியும் கண்ணாடியும் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

பயிற்சியாளர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அறுபது வயதுப் பெண்மணி. முதல் ஒரு மணி நேரம் யார் கையிலும் தோட்டா தரவில்லை. காலித் துப்பாக்கியை, விசையில் விரல் படாமல் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். அதுதான் பாடம். அடுத்தது கால். எங்கள் ஊர் சிலம்ப ஆசான் கம்பைத் தொடவிடாமல் வாரக்கணக்கில் காலடி பழக்கியது நினைவுக்கு வந்தது.

“முதலில் வீவர்” என்று நின்று காட்டினார். வலக்கைக்காரர் இடது காலை முன்வைத்து, உடம்பைச் சற்றுச் சாய்த்துத் திருப்பி நிற்கிறார். இரண்டு முழங்கையும் மடங்கியிருக்கின்றன. துப்பாக்கி பிடித்த கை முன்னே தள்ளுகிறது, தாங்கும் கை பின்னே இழுக்கிறது. இந்த இழுபறியில் சுடும்போது வரும் உதைப்பு அடங்கிவிடுகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் போலீஸ்காரரான ஜாக் வீவரின் பெயர்தான் இதற்கு. 1950களின் பிற்பகுதியில், கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலையூரில் நடந்த போட்டிகளில் பலரும் இடுப்பருகிலிருந்து ஒற்றைக் கையால் அவசரமாகச் சுடுவார்கள். வீவர் இரண்டு கைகளாலும் பிடித்து, கண் மட்டத்துக்கு உயர்த்திச் சுட்டு ஜெயித்தார். போட்டிகளை நடத்திய ஜெஃப் கூப்பர் அதை ஒரு முறையாகவே வகுத்து, 1976இல் இதே அரிசோனாவின் பால்டனில் பள்ளி தொடங்கிப் பரப்பினார். வீவரைச் சற்று மாற்றி, சுடும் கையை மட்டும் நேராக நீட்டிக்கொண்டவர் ரே சாப்மன். 1975இல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில் நடந்த நடைமுறைச் சுடுதல் உலகப் போட்டியில் பட்டம் அவருக்குத்தான்.

அடுத்தது, நாம் பள்ளிக்கூட வடிவியலில் படித்த இருசமபக்க முக்கோணம். மார்பு இலக்கை நேராகப் பார்க்கிறது. இரண்டு கைகளும் ஒரே அளவு நீள்கின்றன. மேலிருந்து பார்த்தால் மார்பு அடிப்பக்கம், கைகள் சமபக்கங்கள். முழங்காலைச் சற்று மடித்து, உடல் எடையை முன்னால் சாய்த்துக்கொள்ள வேண்டும். 1980களில் ராப் லெதம், பிரையன் ஈனோஸ் போன்ற போட்டிச் சுடுநர்கள் இந்த நிலையில் நின்று ஜெயிக்கத் தொடங்கியதும் காற்று இந்தப் பக்கம் திரும்பியது.

“எது மேல்?” என்று இரவுப் பணி நர்ஸ் ஒருவர் கேட்டார். பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை. எல்லாரும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு வந்ததும் ஒரு ரப்பர் பந்தை அவர்மேல் சட்டென்று எறிந்தார். நர்ஸ் முழங்கால் மடங்க நேராகத் திரும்பி, இரண்டு கைகளையும் முன்னே நீட்டினார். “பயந்த உடம்பு தானாக எடுக்கிற நிலை இது. இதற்குத் தனியாக மனப்பாடம் வேண்டாம்.” போலீஸில் இருந்தபோது அவர் பழகியது வீவர்தான். குண்டு துளைக்காத அங்கி வந்தபின் மாற்றிக்கொண்டாராம். அங்கியின் பலம் முன்பக்கத்தில். பக்கவாட்டில் திரும்பி நின்றால், காப்பு குறைந்த அக்குள் பக்கம் எதிரிக்குத் தெரியும்.

வீவர் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. பழைய முறிவால் இடது முழங்கை நீளாத ஒரு பெரியவரை வீவரில்தான் நிறுத்தினார். வலது கையால் சுட்டு இடது கண்ணால் குறிபார்க்கும் இளைஞருக்கோ முக்கோணம். துப்பாக்கி நடுவில் இருப்பதால் தலையைச் சற்றுத் திருப்பினாலே போதும்.

மதியம் இலக்குத் தாள்களில் ஒட்டுப்போடும் தொழிலாளியோடு நடந்தேன். ஆள் நிற்பதைப் பார்க்காமலே ஓட்டைகளைப் படித்தார். “எல்லாம் கீழே இடப்பக்கம் விழுந்திருக்கிறதே, இவர் வலக்கைக்காரர். வெடிக்கப்போகிறதே என்று பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிறார். எப்படி நின்றாலும் இந்தக் கோளாறு போகாது.”

மாலையில் நர்ஸ் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். இப்போது பயிற்சியாளர் சொன்னார்: “புதிதாகப் பழகுகிறவருக்கு முக்கோணம். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் வீவர். வீட்டுக்குள் யாரோ நுழைந்த சத்தம் கேட்டால் இரண்டும் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, போலீஸுக்கு போன் போடு.” ஒரு நாள் முழுக்க நிற்கக் கற்றுக்கொடுத்தவர் கடைசியில் விலகச் சொன்னதுதான், என் கணக்கில், அன்றைய பாடங்களில் பெரியது.

கிளம்புமுன் எல்லாரும் குனிந்து பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வாளியில் போட்டோம். பிறகு குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். ஈயத்தூள் ஒட்டிய கையோடு அங்கே யாரும் சாப்பாட்டைத் தொடுவதில்லை.