மூன்று தேங்காயும் ஓர் ஒலிபெருக்கியும்

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் தொழுமிடம் மட்டுமாக இருந்ததில்லை. குடிகளின் மரைக்காயர்மார் கூடியிருந்து வேலிச் சண்டையையும் மாட்டு வழக்கையும் தீர்த்துவைத்த இடமும் அதுதான். பொலிஸுக்கும் கோட்டுக்கும் அலைந்து காணிபூமியை ஈடு வைக்காமல் எத்தனையோ குடும்பங்களை அந்தச் சபைகள் காத்திருக்கின்றன. அந்த நன்றியை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் ஒன்பதாம் ஆண்டு படித்த பையன் ஒருவன், பள்ளிவாசலுக்குச் சொந்தமான வளவில் மூன்று தேங்காய் எடுத்துவிட்டான். அவனுடைய உம்மா இடியப்பம் அவித்து விற்பவர். எடுத்தது பிழை, அதில் மறுபேச்சில்லை. விசாரித்த சபை ஐயாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. சீட்டுக் காசை முன்கூட்டியே கேட்டு வாங்கி அந்தத் தாய் கட்டினார். கட்டிய பிறகும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், இன்னாருடைய மகன் இன்ன குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

தண்டம் ஒரு நாளில் முடிந்தது. அறிவிப்பு முடியவில்லை. வகுப்பில் அவனுக்குத் 'தேங்காய்' என்று பெயர் விழுந்தது. நான் அதட்டினால், என் காதுக்கு எட்டாத இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் வருவதை நிறுத்திவிட்டான். வீடு தேடிப் போனேன். "வெளிய இறங்கவே வெக்கப்படுறான் சேர்" என்றார் உம்மா. வரவு இடாப்பில் அவனுடைய பெயருக்கு நேரே பூச்சியங்கள் நீண்டன. பின்னர் கொழும்பில் ஒரு கடையில் நிற்பதாகக் கேள்விப்பட்டேன்.

சபையிலுள்ள பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசினேன். "சின்னதுல கிள்ளாட்டி பெரிசுல கோடாலி வேணும் சேர்" என்றார். நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால், கிள்ளுவது வேறு, வேரோடு பிடுங்குவது வேறு. இன்னொன்று: அடுத்தவன் எல்லைக்கல்லை நகர்த்தியவரின் பெயர் அந்த ஒலிபெருக்கியில் ஒலித்து நான் கேட்டதில்லை.

நம் மார்க்கம் தண்டனைக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரை, அல்லாஹ் உன்னை இழிவுபடுத்துவானாக என்று சிலர் ஏசியபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 18இல் பஞ்சம் வந்தபோது, திருட்டுக்குரிய தண்டனையை உமர் (ரழி) அவர்கள் நிறுத்திவைத்ததையும் நாம் அறிவோம். குற்றத்தைப் பார்த்த கண், அதைச் செய்தவனுடைய அடுப்பையும் பார்த்தது.

நாட்டுச் சட்டமும் நகர்ந்திருக்கிறது. நீதிமன்றம் விதிக்கக்கூடியதாயிருந்த கசையடி 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிந்தது. அதே ஆண்டு, பாடசாலையில் பிரம்பெடுக்க வேண்டாமென்று கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. பிரம்படியின் தழும்பு சில நாளில் ஆறிவிடும். ஊரறிந்த பெயரின் தழும்பு, பொருத்தம் பேசும்போதும் தொழில் தேடும்போதும் முன்னால் வந்து நிற்கும்.

தண்டிக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தண்டனைக்கு ஒரு முடிவு திகதி இருக்கவேண்டும் என்கிறேன். தேங்காயின் விலையை வாங்கியிருக்கலாம். அதே வளவில் மூன்று தென்னங்கன்று நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றும்படி அவனிடம் சொல்லியிருக்கலாம். கன்று தழைத்த நாளில் அவனுடைய குற்றமும் தீர்ந்திருக்கும். பையனும் ஊரிலேயே இருந்திருப்பான்.