இலைக் கணக்கு

கல்யாணச் சமையல் தொழிலில் ஒரு பையன் நன்றாக வேலை செய்வானா என்று தெரிந்துகொள்ள ஒரு பந்தி போதும். நாளைக்கு ஒரு கல்யாணத்தைத் தனியாக ஏற்று நடத்துவானா என்று தெரிந்துகொள்ள அது போதாது. சாம்பார் வாளியைச் சிந்தாமல் தூக்குகிறவன், கேட்பதற்கு முன்பே ரசம் விடுகிறவன், பெரியவர்களிடம் பணிவாகப் பேசுகிறவன் எல்லோரும் வேண்டும்தான். ஆனால் மூன்றாம் பந்திக்கு இலை போடும்போதே வாசலில் நிற்கும் கூட்டத்தை எடை போட்டு, யாரையும் கேட்காமல் இன்னொரு உலை வைக்கச் சொல்கிறவன் வேறு ரகம். அந்த ரகத்து ஆட்களை எப்படி உண்டாக்குவது என்பதுதான், மந்தைவெளியில் இந்தத் தொழிலை நடத்தும் எனக்கு மெனு போடுவதைவிடப் பெரிய வேலையாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் பெயர் என்பது ஓர் ஆளின் பெயர். அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர் என்று சொன்னால் போதும். பந்தியின் தரம் கேட்பவர் மனதில் வந்து நின்றுவிடும். "கல்யாணம் எங்கே?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக இந்த வட்டாரத்தில் வரும் கேள்வி "சமையல் யாரு?" என்பதுதான். பெயர் ஓர் ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. ஆவணியிலோ தையிலோ நல்ல முகூர்த்த நாள் ஒன்று வந்தால் நாலு மண்டபத்திலிருந்து அழைப்பு வரும். அந்த ஓர் ஆள் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். மற்ற மூன்றிலும் நிற்பவர்கள் முடிவெடுக்கத் தெரிந்தவர்களாக இல்லையென்றால், நாலு கல்யாணமும் ஒரே செல்போனில்தான் நடக்கும்.

அப்படி வரும் அழைப்புகளுக்கு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காலை டிபன் நேரம். கிழக்குத் தாம்பரத்து மண்டபத்திலிருந்து விழுப்புரத்துப் பையன் கூப்பிடுகிறான்.

"அண்ணா, பொங்கல் போதாது போலிருக்கு. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ஒரு வேன் வந்துடுச்சு."

"கையில என்ன இருக்கு?"

"ரவை இருக்கு. நறுக்கின காய் இருக்கு."

"சரி."

"கிச்சடின்னா இருபது நிமிஷத்துல இறக்கிடலாம். அதுவரைக்கும் இட்லியும் வடையும் ஓடும்."

"அப்புறம் என்னத்துக்கு என்னைக் கேக்கறே?"

கிச்சடி போடு என்று முதல் வாக்கியத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் மிச்சமாகியிருக்கும். ஆனால் அடுத்த கல்யாணத்திலும் அவன் போன் செய்வான். பதில் அவனிடமே இருக்கும் என்று தெரிந்தால் அதை அவன் வாயிலிருந்து வரவழைப்பதுதான் என் வேலை.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்கப் பெரிய ஹோட்டல்களில் ஒருநாள் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. "உங்களை முதலாளியாக நினைத்து வேலை செய்யுங்கள்" என்று மேடையில் சொல்வார்கள்; எல்லோரும் கைதட்டுவார்கள். முதலாளி என்ன பார்க்கிறார் என்பதை மட்டும் காட்ட மாட்டார்கள். முதலாளி பார்ப்பது கணக்கை. கணக்கைக் காட்டாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அது சுமை. ஆகையால் எங்களிடம் முதல் பாடம் அடுப்படியில் இல்லை, தாளில் தொடங்குகிறது.

கல்யாணச் சமையலில் வரவு என்பது இலை. இலைக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். பந்திக்குப் பந்தி எங்கள் ஆள் ஒருவரும் வீட்டுக்காரர் தரப்பில் ஒருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். ஐந்நூறு இலை, இலைக்கு இன்ன ரேட் என்று பெருக்கிப் பார்க்கும் இளைஞனுக்கு அந்தத் தொகை முழுவதும் அண்ணா பையில் போவதாகத்தான் தோன்றும். அதனால் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே ஒரு விசேஷத்தின் செலவுத் தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். கோயம்பேட்டுக் காய்கறி, மளிகை, வாழையிலை, பால், நெய், 19 கிலோ சிலிண்டர்கள், பாத்திரம் ஏற்றிப்போகும் வண்டி வாடகை, ஆட்களின் சம்பளம், பேட்டா. அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. வெளியிடங்களில் சமைத்துப் பரிமாறும் தொழிலுக்கு 2019 அக்டோபர் முதல் 5 சதவீதம். ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. சிலிண்டருக்கும் நெய்க்கும் நாம் கட்டிய வரி நம் செலவிலேயே நிற்கும். கடைசி வரியில் மிஞ்சும் தொகையைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரு மௌனம் வரும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இதில் எங்கே குறைக்கலாம்?"

பதிலில் ஆள் தெரிந்துவிடும். "ஆளைக் குறைக்கலாம்" என்கிறவன் இன்னும் பரிமாறிப் பழக வேண்டும். "காபிப் பாலைக் குறைக்கலாம்" என்கிறவனுக்கு மயிலாப்பூர் தெரியாது. இங்கே பாயசம் சுமாராக இருந்தாலும் மன்னிப்பார்கள், காபி இல்லை என்றால் பேரன் கல்யாணம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். "இரண்டு கறியும் ஒரு கூட்டும் இருக்கும்போது இலையில் மிஞ்சுவது எதுவென்று பார்த்து, அடுத்த தடவை அதை மட்டும் அளவு குறைக்கலாம்" என்று ஒரு பெண் சொன்னாள். கணக்கெழுத வந்தவள். எச்சில் இலை எடுக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இன்று மேற்பார்வை அவள் கையில் இருக்கிறது.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதைச் செய்து முடித்துவிட்டார்கள். மீசை முளைக்காத பையன் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறிப் போவான். முதலில் பெட்டியடிப் பையன்; பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரவு செலவைப் பார்த்துப் பழகுவான். பிறகு அடுத்தாள். பிறகு மேலாள், அதாவது கடையை நடத்தும் ஏஜெண்டு. தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளம் முன்பே பேசி, ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து அனுப்புவார்கள். தவணை முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். லாபம் காட்டியிருந்தால் அதற்கு மேல் ஒரு தொகை. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்த முதலாளிகள் இத்தனை கடைகளையும் எப்படி நடத்தினார்கள்? கடிதம் போய்ச் சேரவே நாட்கள் ஆகும் காலத்தில், யாருக்குக் கடன் கொடுப்பது என்று ஊரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தூரமே அவர்களுக்கு நம்பிக்கையைக் கற்றுக்கொடுத்தது. இன்று நமக்குச் செல்போன் வாய்த்திருப்பதால் அந்தப் பாடத்தைத் தவறவிடுகிறோம்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் ஓர் அம்சத்தை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே நம்பிக்கைக்கு ஈடு உறவும் சாதியும். மேலாள் ஏமாற்றினால் கோயிலிலும் கல்யாணத்திலும் தலைகாட்ட முடியாது. எங்கள் தொழிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது: தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்கள், ஆண்கள் மட்டும், மாமாவின் அடுப்பு மருமானுக்கு. இன்று என்னிடம் விழுப்புரத்துப் பையனும் ஒடிசாப் பையனும் பி.காம். படித்த பெண்ணும் இருக்கிறார்கள். உறவு செய்த வேலையை இவர்களிடையே கணக்குத்தான் செய்ய வேண்டும். எல்லோரும் ஒரே தாளைப் பார்க்கும்போது யார் எந்த ஊர் என்பது இரண்டாம்பட்சமாகிறது.

ஜப்பானில் 1959-ல் கியோசெரா நிறுவனத்தைத் தொடங்கிய கசுவோ இனமோரி இதையே பெரிய அளவில் செய்தவர். நிறுவனத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, அவற்றுக்கு அமீபா என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு குழுவும் தன் வரவிலிருந்து செலவைக் கழித்து, உழைத்த மணிநேரத்தால் வகுத்துப் பார்க்கும். கடைநிலைத் தொழிலாளிக்கும் அந்த எண் தெரியும். 2010-ல் திவாலான ஜப்பான் ஏர்லைன்ஸை எழுபது வயதைத் தாண்டிய பிறகு சம்பளம் வாங்காமல் ஏற்று நடத்தியபோதும், வழித்தடவாரியாகக் கணக்கைப் பிரித்து ஊழியர்களிடம் காட்டினார். 2012-ல் அந்த நிறுவனம் பங்குச்சந்தைக்குத் திரும்பியது. விமான நிறுவனத்துக்கு வழித்தடம் என்றால் எங்களுக்கு விசேஷம். ஒரு விசேஷம், ஒரு தாள், ஒரு பொறுப்பாளர்.

தாள் புரிந்த பிறகுதான் விசேஷம் கைக்குப் போகும். முதலில் சீமந்தம், ஆயுஷ்ஹோமம், எண்பது இலைச் சதாபிஷேகம் மாதிரிச் சின்னவை. மளிகை லிஸ்ட் போடுவது, ஆள் சேர்ப்பது, வீட்டுக்காரரிடம் பேசுவது எல்லாம் அவர்கள் பாடு. இன்ன தொகைவரை என்னைக் கேட்காமல் செலவழிக்கலாம் என்று வரம்பையும் சொல்லிவிடுவேன். எதில் யோசனைக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. வாசனை மாறிய பொருள் ஒரு கரண்டிகூட பந்திக்குப் போகக் கூடாது. லாபத்துக்காகவும் கூடாது, நேரமில்லை என்றும் கூடாது. எல்லை தெரிந்தவர்களுக்குத்தான் உள்ளே தைரியம் வரும்.

இதில் எனக்குக் கஷ்டமான கட்டம் புகார் வரும் நேரம். பெண்ணின் பெரியப்பா, "காண்ட்ராக்டரைக் கூப்பிடு" என்று குரலை உயர்த்துவார். நான் பக்கத்து ஹாலில்தான் இருப்பேன். கால் துடிக்கும். போய்ச் சமாதானம் செய்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதோடு அந்தப் பொறுப்பாளரின் கதையும் முடிந்துவிடும், பிறகு அவர் சொல்வதை அந்த மண்டபத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே போக மாட்டேன். "நான்தான் பொறுப்பு மாமா, சொல்லுங்கோ" என்ற வாக்கியத்தை நடுங்காமல் சொல்லப் பழகுவதற்குச் சில விசேஷங்கள் ஆகும்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. எங்களுக்கு அதுதான் மேல்படிப்புக்கு ஏற்ற மாதம், சபா கேன்டீன்கள் இருப்பதால். கல்யாணத்தில் சாப்பிடுகிறவர் வேறு, காசு கொடுக்கிறவர் வேறு. கேன்டீனில் இரண்டும் ஒருவரே. கீரை வடை ஆறியிருந்தால் மறுநாள் அவர் பக்கத்துச் சபாவுக்குப் போய்விடுவார். எத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் முன்பணம் கொடுத்துச் சொல்லப்போவதில்லை. அன்று மாலை பாடுவது யார், நாளை ஞாயிறா என்று பார்த்து மாவு அரைக்க வேண்டும். இரவு கடையடைக்கும்போது கணக்கு முகத்துக்கு நேரே நிற்கும். சந்தை என்பது என்னவென்று நான் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

முதலாளியின் மனசை எதிர்பார்த்துவிட்டுக் கூலியாளின் சம்பளத்தைக் கொடுப்பது ஏமாற்று. ஆகவே விசேஷத்தின் லாபத்தில் பொறுப்பாளருக்குப் பங்கு உண்டு. நஷ்டம் வந்தால், ஒப்புக்கொண்ட லிஸ்டின்படி நடந்திருக்கும்வரை அது என்னுடையது. சிலர் இந்தப் பொறுப்பே வேண்டாம் என்பார்கள். சரக்கு மாஸ்டராகவே கடைசிவரை இருக்க விரும்பும் கைதேர்ந்தவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. அவர்கள் இல்லாமல் பொறுப்பாளர்களுக்கு வேலையே இல்லை.

"இப்படியெல்லாம் கற்றுக்கொடுத்தால் தனியாகப் போய்விட மாட்டார்களா?" என்று சக காண்ட்ராக்டர்கள் கேட்பார்கள். போகிறார்கள். போகும்போது, கிண்டியில் இருக்கும் அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கிறேன். கடன், மானியம், திட்ட அறிக்கை எல்லாம் அங்கே முறையாகச் சொல்லித்தருவார்கள். அவர்கள் போவதில் எனக்கு நஷ்டம் குறைவு. முகூர்த்தங்கள் ஆண்டு முழுவதும் பரவி வருவதில்லை, கொத்தாக வருகின்றன. அந்த நாட்களில் நான் ஏற்க முடியாத கல்யாணத்தை என் தரத்தில் நடத்திக்கொடுக்க வெளியில் ஆள் வேண்டும். என்னிடம் பழகியவர்களைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

சென்ற தையில் அப்படித்தான் ஒரு கல்யாணத்தை என்னிடமிருந்து போனவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இலை ரேட் சொன்னார். அதிகம் என்றேன். ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. செலவுத் தாளை என் முன் விரித்து, "எங்கே குறைக்கலாம், நீங்களே சொல்லுங்கோ அண்ணா" என்றார். அவர் சொன்ன ரேட்டுக்கே ஒப்புக்கொண்டேன்.